எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்? – போலீஸ் சோதனையும் வாக்குமூலமும்: சட்டம் தரும் பாதுகாப்புகள்

திருப்பூரில் ஒரு தெருமுனை. பழைய செல்போன் வாங்கி விற்கும் சிறிய கடை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார். பின்னாலேயே மூன்று போலீஸார். "கடையைப் பார்க்கணும். திருட்டு போன் இங்க வருதுன்னு தகவல்" என்கிறார்கள். கடைக்காரருக்குக் கை நடுங்குகிறது. "பாருங்க சார்" என்று ஒதுங்கி நிற்கிறார். அரை மணி நேரத்தில் 11 போன்கள் ஒரு பைக்குள் போகின்றன. "இதுல ஒரு கையெழுத்து, இதுலயும் ஒண்ணு" என்று நீட்டிய தாள்களில் அவரும் போட்டுவிடுகிறார். சாயங்காலம் ஒரு வழக்கறிஞரிடம் போகிறார். வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தாள்லீங்க கையெழுத்துப் போட்டீங்க?" கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை.

இது பாடத்துக்காக நாம் சொல்லும் கற்பனைக் கதை. ஆனால் வழக்கறிஞர் கேட்ட கேள்வி கற்பனை அல்ல. சோதனை என்றாலும் வாக்குமூலம் என்றாலும், சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாள் என்ன, அதில் யார் கையெழுத்துப் போட வேண்டும், நகல் யாருக்குச் சேர வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். அதைத்தான் இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு செய்தி. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். கீழே வரும் பிரிவு எண்கள், வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில், இந்தச் சட்டத்தின் எண்கள்.

வாரண்டோடு வந்தால்

சோதனை வாரண்டு என்பது நீதிமன்றம் கொடுக்கும் எழுத்து ஆணை. காவல் நிலையம் தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது. 96ஆம் பிரிவின்படி, ஒரு ஆவணத்தையோ பொருளையோ கொண்டுவரச் சொல்லிச் சம்மன் அனுப்பினாலும் அந்த நபர் கொண்டுவர மாட்டார் என்று நீதிமன்றம் நம்பக் காரணம் இருந்தால் வாரண்டு தரலாம். அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாதபோதும், ஒரு விசாரணைக்குப் பொதுவான சோதனை தேவைப்படும்போதும் தரலாம்.

நம் கடைக்காரர் விஷயத்துக்குப் பொருந்துவது 97ஆம் பிரிவு. ஓர் இடத்தில் திருட்டுப் பொருள் வைக்கப்படுகிறது அல்லது விற்கப்படுகிறது என்று தகவல் வந்தால், மாவட்ட நடுவரோ உட்கோட்ட நடுவரோ முதல் வகுப்பு நீதித்துறை நடுவரோ தேவையான விசாரணை செய்து, நம்பக் காரணம் இருந்தால் மட்டும் வாரண்டு தருவார். அதையும் கான்ஸ்டபிள் பதவிக்கு மேற்பட்ட அதிகாரிக்குத்தான் தர முடியும்.

சரி, வாரண்டில் எதைப் பார்ப்பது? மூன்றைப் பாருங்கள். ஒன்று, எழுத்தில் இருக்கிறதா, வழங்கியவரின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் உண்டா. இரண்டு, எந்த இடம் என்று எழுதியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தை அல்லது அதில் ஒரு பகுதியை மட்டும் நீதிமன்றம் சொல்லியிருந்தால், சோதனை அந்த எல்லைக்குள்தான் நடக்க வேண்டும். கடைக்கு வாங்கிய வாரண்டை வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போக முடியாது. மூன்று, எந்தப் பொருளைத் தேடுகிறார்கள்.

"சார், வாரண்டை ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிறேங்க" என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது. வாரண்டைக் காட்டினால் உள்ளே விட வேண்டும் என்பது உங்கள் கடமை. காட்டச் சொல்வது உங்கள் உரிமை. இரண்டும் ஒரே பிரிவில், 103ஆம் பிரிவில்தான் இருக்கின்றன. காட்டிய பிறகும் கதவைத் திறக்க மறுத்தால், உடைத்து உள்ளே போகவும் சட்டம் வழி தருகிறது. ஆகவே வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

வாரண்டு இல்லாமல் வந்தால்

"வாரண்டு இல்லாம வந்தா செல்லாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வாரண்டு வாங்கும் நேரத்துக்குள் பொருள் கைமாறிவிடும் என்ற நிலையில், 185ஆம் பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ வாரண்டு இல்லாமலும் சோதனை செய்யலாம். ஆனால் அதற்குச் சட்டம் போட்டிருக்கும் வேலிகள் பல:

அந்தப் பொருள் அங்கே இருக்கிறது என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி முன்கூட்டியே கேஸ் டைரியில் எழுத வேண்டும். எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதையும் முடிந்தவரை குறிப்பிட வேண்டும். இயன்றவரை அவரே நேரில் சோதனை செய்ய வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதி, தனக்குக் கீழுள்ள அதிகாரிக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எழுதிய பதிவுகளின் நகலை உடனே, அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும்.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு வரி உண்டு. சோதனை நடந்த இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ மனு கொடுத்தால், அந்தப் பதிவின் நகலை நடுவர் இலவசமாகத் தர வேண்டும். "என்ன காரணம்னு எழுதிட்டு என் கடைக்கு வந்தாங்க?" என்ற கேள்விக்கு விடை அந்த நகலில் இருக்கும். பலரும் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

சோதனை நடக்கும்போது

வாரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோதனை நடக்கும் முறை 103ஆம் பிரிவில் சொன்னபடிதான் இருக்க வேண்டும். அதிகாரி முதலில் அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத, மதிப்புள்ள இரண்டு பேரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைக்காவிட்டால் அல்லது வர மறுத்தால் வேறு பகுதியிலிருந்து அழைக்கலாம்.

பக்கத்து டீக்கடைக்காரரை "வாங்கண்ணா, சாட்சிக்கு நில்லுங்க" என்று கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார்? "நமக்கு எதுக்குங்க வம்பு, கோர்ட்டுக்கு அலைய முடியாது" என்று ஒதுங்குவார். எழுத்து மூலம் அழைத்த பிறகு, நியாயமான காரணமின்றி மறுப்பது குற்றம். அதோடு, சாட்சியாக நின்றவரை நீதிமன்றம் தனியாகச் சம்மன் அனுப்பி அழைத்தாலொழிய அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. டீக்கடைக்காரர் அங்கே நிற்பது உங்களுக்கும் பாதுகாப்பு, போலீஸாருக்கும் பாதுகாப்பு. இல்லாத பொருளை வைத்துவிட்டார்கள் என்று நாளை யாரும் சொல்ல முடியாது. இருந்த பொருளை இல்லை என்றும் சொல்ல முடியாது.

சோதனை முழுக்க நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ உடனிருக்க உரிமை உண்டு. "வெளியே நில்லுங்க" என்று சொன்னால், "கூடவே இருந்து பார்த்துக்கிறேன் சார், எதையும் தொட மாட்டேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டும் என்றால், இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும்.

105ஆம் பிரிவு புதிதாக வந்தது. சோதனை, பறிமுதல், பட்டியல் தயாரிப்பது, அதில் சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாவற்றையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம். அந்தப் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். போன் கேமரா உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் பதறாதீர்கள். அந்தப் பதிவு உங்களுக்கும் சாட்சிதான்.

போதைப்பொருள் வழக்குகளில் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அந்த உரிமையை அவரிடம் சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1999இல் தீர்ப்பளித்தது. இது உடல் சோதனைக்கு மட்டும். கையில் இருக்கும் பைக்கோ வண்டிக்கோ பொருந்தாது.

பறிமுதல் பட்டியல்: நகல் உங்களுடையது

சோதனை முடிந்ததும் என்னென்ன பொருள், எந்தெந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று பட்டியல் எழுத வேண்டும். நம் ஊரில் இதை மகஜர் என்பார்கள். சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும். நகலை அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு அல்லது அவர் சார்பில் உடனிருந்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

நம் கடைக்காரர் இங்கேதான் தவறவிட்டார். "செல்போன் – 11" என்று மட்டும் எழுதியிருந்தால் நாளை எந்த 11 என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி, மாடல், நிறம், ஒவ்வொரு போனின் ஐ.எம்.இ.ஐ. எண், எந்த அலமாரியில் இருந்தது என எல்லாம் எழுதச் சொல்லிக் கேட்கலாம். போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் எண் திரையில் வரும். வாங்கியதற்கு பில் இருந்தால் உடனே காட்டி, காட்டியதாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

நகல் பெற்றதற்குக் கையெழுத்து கேட்டால் போடலாம். ஆனால் படித்துப் பார்த்து, "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் குறித்துப் போடுங்கள். வெற்றுத் தாளிலோ பாதி நிரப்பிய தாளிலோ யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

பறிமுதலான பொருளைத் திரும்பக் கேட்டு நடுவரிடம் மனு செய்யலாம். தேவைக்கு மேல் பொருட்களைக் காவல் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

"ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுங்க"

சோதனைக்குப் பிறகு அடுத்த கட்டம் இதுதான். முதலில் நீங்கள் யாராக அழைக்கப்படுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 179ஆம் பிரிவு என்றால் சாட்சி. 35(3) பிரிவு அறிவிப்பு என்றால் உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது. வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சாட்சியை அழைப்பதற்கு எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களே விரும்பினால் மட்டும் காவல் நிலையத்துக்குப் போகலாம். கடையில் கூட இருந்த கடைக்காரரின் அம்மாவை "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிட்டால், "வீட்டுக்கு வந்து கேளுங்க தம்பி, தெரிஞ்சதைச் சொல்றேன்" என்று அவர் சொல்லலாம்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். போக்சோ வழக்கில் குழந்தையை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல் விசாரிக்க வேண்டும்.

கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

இப்போது முக்கியமான பாடம். போலீஸிடம் 180ஆம் பிரிவின்படி கொடுக்கும் வாக்குமூலத்தை அதிகாரி எழுதிக்கொண்டால், அதில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது. 181ஆம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஏன் தெரியுமா? அது சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால், எழுதியதில் தவறு இருந்தாலும், "கையெழுத்துப் போட்டுட்டோமே" என்று சாட்சி நாளை கோர்ட்டில் உண்மையைச் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் வரக் கூடாது. "சார், இதுல கையெழுத்து வேண்டாம்னு சட்டத்துலயே இருக்குங்களே" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

இதைப் புகாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்களே புகார் கொடுத்தால் அது படித்துக் காட்டப்பட்டு, உங்கள் கையெழுத்து பெறப்படும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும்.

நடுவர் முன் சத்தியம்

ஊரில் நம்பவைக்க வேண்டும் என்றால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். நீதிமன்றச் சத்தியத்துக்கு 1969ஆம் ஆண்டின் பிரமாணங்கள் சட்டம் இருக்கிறது. கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம். விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

சாட்சியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் சத்தியத்தின் பேரில் பதிவு செய்வது 183ஆம் பிரிவு. பழைய எண்ணை வைத்து இன்னும் பலர் "164 ஸ்டேட்மென்ட்" என்பார்கள். போலீஸிடம் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே தெரிந்தே பொய் சொன்னால் பொய்ச் சாட்சியக் குற்றம் ஆகும். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் சொன்னால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொன்னதைச் சொன்னார்கள் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. எழுதியதில் வார்த்தை மாறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் வேறு வகை. அதில் சத்தியம் கிடையாது. யாரையும் தனக்கு எதிராகச் சத்தியம் செய்யவைக்க முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று நடுவர் முதலில் விளக்க வேண்டும். விருப்பத்தோடு சொல்கிறார் என்று கேட்டறிந்து நம்பினால் மட்டுமே பதிவு செய்ய வேண்டும். "நான் சொல்ல விரும்பலீங்க" என்று ஒருவர் மறுத்துவிட்டால், அவரை நடுவர் மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. மறுத்தால் ஸ்டேஷனில் என்ன ஆகுமோ என்ற பயத்துக்குச் சட்டம் போட்ட தாழ்ப்பாள் இது.

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் விதிவிலக்கு. இந்தப் பாதுகாப்பை நம் மாநிலத்து வழக்கு ஒன்றுதான் விரிவாக்கியது. 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்புச் சட்ட அதிகாரிகளிடம் சொன்ன ஒப்புதலையும் அப்படிப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது.

சத்தியம் உங்கள் கையிலும் ஒரு கருவி

சோதனையில் முறைகேடு நடந்தது, அல்லது உங்கள் புகாரை எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 173(4) பிரிவின்படி முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரை எழுதித் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பயனில்லை என்றால் நடுவரிடம் மனு செய்யலாம். மனுவோடு பிரமாணப் பத்திரம், அதாவது அபிடவிட், இணைக்க வேண்டும். 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய இந்த நிபந்தனை, இப்போது 175(3) பிரிவில் சட்டமாகவே இருக்கிறது. பொய்ப் புகாரால் அப்பாவிகள் அலைக்கழிக்கப்படாமல் இருக்கத்தான் இது. நடுவரிடம் நேரடியாகத் தனிப் புகார் தாக்கல் செய்தால், 223ஆம் பிரிவின்படி உங்களைச் சத்தியத்தின் பேரில் அவரே விசாரித்துப் பதிவு செய்வார். அதில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

அபிடவிட்டை நோட்டரி முன்போ பிரமாண ஆணையர் முன்போ கொடுக்கலாம். டைப் அடித்துக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சத்தியம் உங்களுடையது, டைப்பிஸ்ட்டுடையது அல்ல. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது எது, நம்புவது எது, நம்பக் காரணம் என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதாலேயே கிடைத்த பொருள் சாட்சியம் ஆகாமல் போய்விடாது. 1973இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. "முறை தப்பு, கேஸ் நிக்காது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே நடந்ததை நேரவாரியாக எழுதிவையுங்கள். யார் வந்தார்கள், யார் சாட்சி, எதை எடுத்தார்கள், நகல் தந்தார்களா என்று எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

மறுபடியும் அந்தக் கடை

அதே காலை, அதே மூன்று போலீஸார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை கடைக்காரர் கேட்கிறார்: "வாங்க சார். வாரண்டு இருக்குங்களா, இல்ல 185லயா?" டீக்கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் சாட்சிக்கு நிற்கிறார்கள். ஒரு காவலர் வீடியோ எடுக்கிறார். 11 போன்களின் எண்களும் பட்டியலில் ஏறுகின்றன. எட்டுப் போன்களுக்கு பில் காட்டியதும் குறிக்கப்படுகிறது. நகல் அவர் கைக்கு வருகிறது. வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்கப்படவில்லை, அவரும் போடவில்லை. மீதி மூன்று போன்கள் எப்படி வந்தன என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். திருட்டு போன் என்றால் அதைப் பறிகொடுத்தவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும்.

சாயங்காலம் வழக்கறிஞர் அதே கேள்வியைக் கேட்கிறார்: "எந்தத் தாள்லீங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"ஒரே ஒரு தாளுங்க. நகல் வாங்கினதுக்கு. இதோ இருக்கு, பாருங்க."